மூன்று நாளுக்கு ஒரு செட்

இன்சுலின் பம்ப் பற்றிய பேச்சு நம்மிடையே பெரும்பாலும் அதன் விலையில் தொடங்கி, அதன் விலையிலேயே முடிந்துவிடுகிறது. லட்சங்களில் விலை சொல்கிறார்கள். குடும்பம் நகையை அடகு வைக்கிறது, அல்லது ஒரு நன்கொடையாளர் முன்வருகிறார். பிள்ளையின் இடுப்பில் கருவி ஏறியதும் கடமை முடிந்தது என்று எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். அந்தக் கருவிக்கு வழக்கமாக நான்கு ஆண்டு உத்தரவாதம் உண்டு. ஆனால், அதிலிருந்து இன்சுலினைத் தோலுக்கடியில் கொண்டுசேர்ப்பது ‘இன்ஃபியூஷன் செட்’ எனப்படும் சிறு பொருள்: 6 அல்லது 9 மில்லிமீட்டர் நீளமுள்ள டெஃப்லான் கேனுலா, அதைப் பிடித்துவைக்கும் வட்டமான பிளாஸ்டர், கருவிவரை நீளும் மெல்லிய டியூப். இதை இரண்டு, மூன்று நாள்களுக்கு ஒருமுறை கழற்றி எறிந்துவிட்டு, வயிற்றிலோ தொடையிலோ வேறோர் இடத்தில் புதியதைக் குத்த வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 120-க்கு மேல். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஏறத்தாழ 490. பம்ப் வழங்கும் எந்தத் திட்டமும் முதலில் இந்த 490-க்கான திட்டமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடாமல் கொடுக்கப்படும் பம்ப், ஊசியைவிட ஆபத்தானதாகிவிடக்கூடும்.

ஆபத்து என்பது மிகையான சொல் இல்லை. ஊசி போட்டுக்கொள்பவரின் உடலில் நாள் முழுவதும் மெல்ல வேலைசெய்யும் நீண்டநேர இன்சுலின் ஒன்று எப்போதும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசி ஒன்று தவறினாலும் அடித்தளம் ஆடிவிடாது. பம்ப் அப்படியல்ல. அதில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டுமே. சில நிமிடங்களுக்கு ஒருமுறை துளியிலும் துளியாக இறங்கிக்கொண்டே இருந்தால்தான் அது அடித்தளம். அந்த ஓட்டம் நின்றால் நான்கைந்து மணி நேரத்தில் உடலில் இன்சுலின் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கீட்டோன் ஏறத் தொடங்கும். விடியும்போது தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்விடலாம். ஓட்டம் நிற்கும் இடம் பெரும்பாலும் கருவியில் இல்லை, செட்டில்தான். கேனுலா தோலுக்குள் மடங்குகிறது, நுனியில் ரத்தம் கட்டுகிறது, வியர்வையில் பிளாஸ்டர் விட்டுப்போய் அரைகுறையாக வெளியே வந்துவிடுகிறது. கருவி அலாரம் அடிக்குமே என்பார்கள். அலாரம் உணர்வது டியூபில் கூடும் அழுத்தத்தை மட்டுமே. மணிக்கு 0.1 யூனிட் பெறும் சிறு குழந்தைக்கு அந்த அழுத்தம் கூடவே பல மணி நேரம் ஆகும். கசிவு என்றால் அழுத்தமே கூடாது; அலாரமும் அடிக்காது. பிளாஸ்டரின் ஓரம் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இன்சுலினில் கலந்திருக்கும் பினால், கிரெசால் வகைப் பதப்பொருளின் நெடி வருகிறதா என்று முகர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். காரணமில்லாமல் சர்க்கரை 250-ஐத் தாண்டி, பம்ப் வழியே கொடுத்த கூடுதல் அளவுக்கும் இறங்கவில்லை என்றால், யோசிக்காமல் பேனாவில் இன்சுலின் போட்டுவிட்டு செட்டை மாற்று என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் விதி. பெட்டியில் இரண்டே செட் மீதமிருந்து, மாதம் முடிய பத்து நாள் இருக்கும் வீட்டில் ‘யோசிக்காமல்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

மூன்று நாள் என்பதே நிறுவனங்களின் வியாபார தந்திரம், ஐந்து நாள் விட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற வாதம் பம்ப் பயன்படுத்துவோரிடையே பரவலாக இருக்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. எல்லோர் தோலும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு ஐந்து நாளும் சரியாகவே ஓடுகிறது. ஆனால், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஒரு வாரம்வரை விட்டுப்பார்த்த செட்களில் பாதிக்கு மேற்பட்டவை அதற்குள் செயலிழந்தன. டெஃப்லான், உருக்கு ஊசி இரண்டிலும் அதே கதைதான். ஏழு நாள் தாங்கும் செட் ஒன்றுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டியூபின் பொருளையும் இணைப்பையும் பிளாஸ்டரையும் மாற்றி வடிவமைத்துத்தான் அதைச் சாதித்தார்கள். அதாவது, காலக்கெடுவை நீட்டிக்க முடியும். நீட்டிக்க வேண்டிய இடம் தொழிற்சாலை, நோயாளியின் பர்ஸ் இல்லை. தன் உடலை அறிந்த ஒருவர் அடிக்கடி சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே நான்காம் நாளுக்குத் தள்ளுவதும், அடுத்த பெட்டி வாங்கச் சம்பளம் வரவில்லை என்பதால் ஒருவர் ஆறாம் நாளுக்குத் தள்ளுவதும் ஒன்றாகிவிடாது. ஒரே இடத்தில் நீண்ட நாள் இருந்தால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி விழுகிறது. அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் எப்போது, எவ்வளவு ரத்தத்தில் கலக்கும் என்று சொல்ல முடியாது. ஆறு வயதில் பம்ப் மாட்டிய குழந்தை அதே வயிற்றையும் தொடையையும் வைத்துக்கொண்டுதான் இன்னும் அறுபது ஆண்டு ஓட்ட வேண்டும்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை பார்க்கும் ஸ்டிரிப்கூட வாங்க முடியாத குழந்தைகள் இருக்கும் நாட்டில் பம்ப் ஓர் ஆடம்பரம் என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் முதல் வகை நீரிழிவாளர்களுக்குக் கண்பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76% குறைகிறது என்று நிறுவியது. அந்த ஆய்வில் சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்திய குழுவில் பம்ப் வைத்தவர்களும் இருந்தார்கள், நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் ஊசி போட்டவர்களும் இருந்தார்கள். பெருமை பம்புக்கு மட்டும் உரியதில்லை. ஆகவே, தட்டுப்பாடில்லாத இன்சுலின், ஸ்டிரிப், முடிந்தால் தொடர் குளுக்கோஸ் சென்சார், இவையே முதல் வரிசை, பம்ப் அடுத்தது. ஆனால், அரை யூனிட் கூட அதிகமாகிவிடும் கைக்குழந்தைக்கும், சர்க்கரை அடிக்கடி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுகிறவருக்கும் பம்ப் ஆடம்பரமில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில் கஞ்சத்தனம் காட்டலாம். பெறுபவருக்கு எதைக் கொடுப்பது என்பதில் காட்டக் கூடாது. முப்பது பேருக்குக் கருவியை மட்டும் கொடுக்கும் விழாவைவிட, பத்துப் பேருக்குக் கருவியும் நான்காண்டுக்கான செட்டும் கொடுக்கும் விழா மேலானது. மோட்டாரை இலவசமாகத் தந்துவிட்டு மின் இணைப்பு உன் பாடு என்று எந்த அரசும் விவசாயியிடம் சொல்வதில்லை. மேடையில் பம்புகளின் எண்ணிக்கை குறைவாகத் தெரியும் என்பது அரசியல் சிக்கலே தவிர, மருத்துவச் சிக்கல் இல்லை.

தானியங்கிக் கருவிகள் வந்துவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்பவர்களும் உண்டு. சென்சார் சொல்லும் அளவைப் பார்த்து அடித்தள இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் முதல் கருவிக்கு அமெரிக்கா 2016 செப்டம்பரில் அனுமதி தந்தது. இங்கிலாந்தில் இந்த வகைக் கருவிகளைப் பொதுச் சுகாதார சேவை வழியே வழங்கலாம் என்று 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வந்து, 2024 ஏப்ரலில் விநியோகம் தொடங்கியது. பெரும் முன்னேற்றம்தான். என்றாலும், கேனுலா மடங்கிக் கிடக்கிறது என்பது அந்தக் கணக்கிடும் மென்பொருளுக்குத் தெரியாது. சர்க்கரை ஏறுவதைப் பார்த்து அது மேலும் மேலும் இன்சுலினை அனுப்பும். அனுப்பியதெல்லாம் உடலுக்குள் போய்விட்டதாகவும் எழுதிக்கொள்ளும். மூளை எவ்வளவு கூர்மையானாலும் கடைசி 6 மில்லிமீட்டர் அதே டெஃப்லான்தான். இங்கிலாந்தின் வழிகாட்டுதலில் நமக்குப் பாடம் தொழில்நுட்பத்தில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது: நிறுவனங்களும் தேசிய சுகாதார சேவையும் விலையில் உடன்பட்டால்தான் பரிந்துரை செல்லும் என்றார்கள். ஆஸ்திரேலியா வேறொரு வழியில் போனது. அங்கே பலர் கருவியைத் தனியார் காப்பீட்டில் வாங்கிக்கொள்கிறார்கள். செட்டுக்கும் இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயருக்கும் அரசின் தேசிய நீரிழிவுத் திட்டம் மானியம் தருகிறது. அரசிடம் இருப்பது குறைந்த பணம் என்றால் அதைத் தொடர்செலவில் போடு என்ற இந்த அணுகுமுறை, எனக்கு இங்கிலாந்தினுடையதைவிட நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இந்தியாவில் என்ன நிலை? 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்று உறுப்புகளுக்கும் மத்திய அரசு உச்சவரம்பு விலை வைத்தது. பம்ப் செட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் சட்டப்படி மருந்தாகக் கருதப்படுவதால், அவற்றின் அதிகபட்ச விலையை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஆண்டுதோறும் அந்தப் பத்தையும் ஏற்றினால் நான்காண்டில் விலை 46 சதவீதம் கூடிவிடும். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. மருத்துவமனைச் சேர்க்கையை மையமாக வைத்தே நம் காப்பீடுகள் இயங்குகின்றன. கீட்டோன் ஏறி மயங்கிய பிள்ளையைச் சேர்த்தால் பணம் கிடைக்க வழி உண்டு. மயங்காமல் காக்கும் செட்டுக்குக் கிடைப்பது அரிது.

ஸ்டென்ட் போலவே செட்டுக்கும் உச்சவரம்பு வைத்துவிட்டால் போதுமா என்றால், நான் தயங்குவேன். ஸ்டென்ட் விலை குறைந்தபோது சில நிறுவனங்கள் தங்கள் உயர்விலை ரகங்களை இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள அனுமதி கேட்டன. ஸ்டென்ட்டில் மாற்று உற்பத்தியாளர்கள் இருந்தார்கள். செட்டில் அந்த வசதி குறைவு. பல பம்புகளின் இணைப்பு வாய் தனித்தனி வடிவம், ஒன்றின் செட் மற்றொன்றில் பொருந்தாது. விற்பவர் விலகினால் வாங்கியவர் தெருவில் நிற்பார். இது கற்பனை இல்லை. அமெரிக்காவில் அனிமாஸ் என்ற பம்ப் நிறுவனத்தை மூடுவதாக அதன் தாய் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் 2017-இல் அறிவித்தபோது, சுமார் 90,000 பயனாளர்கள் வேறு கருவிக்கு மாற வேண்டியதாயிற்று. அங்கே இன்னொரு நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. இங்கே அப்படி யாராவது வருவார்கள் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

விலையைச் சட்டத்தால் அழுத்துவதைவிட, மொத்தமாக வாங்கும் பலத்தால் இறக்குவதே மேல். மருந்துகளை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே மருத்துவமனைகளுக்கு அனுப்புவதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு முப்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. முதல் வகை நீரிழிவுக் குழந்தைகளுக்கென்றே கேரளம் ‘மிட்டாயி’ என்ற தனித் திட்டத்தை நடத்துகிறது. இரு மாநிலங்களும் சேர்ந்துகூட வாங்கலாம். டெண்டரில் கருவிக்குத் தனி விலை கேட்கவே கூடாது. கருவி, 490 செட், ரிசர்வாயர் எல்லாம் சேர்த்து நான்காண்டுக்கு ஒரே விலை கேட்க வேண்டும். மடங்கியும் பிய்ந்தும் வீணாவதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வைக்க வேண்டும். உருக்கு ஊசி மடங்காது என்றாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. அதைத் தேர்ந்தெடுப்பவருக்கு எண்ணிக்கை ஆண்டுக்கு 180-க்கு மேல் போகும் என்பதும் கணக்கில் வர வேண்டும். சந்தையைவிட்டு விலகும் நிறுவனம் ஈராண்டுக்கான செட்டை முன்கூட்டியே கிடங்கில் வைத்துவிட்டுத்தான் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பம்புடனும் ஓர் இன்சுலின் பேனாவும், பம்ப் நின்றால் போட்டுக்கொள்ள நீண்டநேர இன்சுலினும் சேர்ந்தே போக வேண்டும்.