கணினித் தொழிலில் இறங்கும் நம் இளைஞர்க்கு

நமது கல்லூரியிற் படித்து வெளியேறுவோர் ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ அமர்தலே உயர்ந்த நிலை எனக் கருதப்பட்ட காலம் கடந்துவிட்டது. வட்டவளை, அட்டன், கொட்டகலைப் பகுதிகளின் பிள்ளைகள் இன்று மென்பொருள் எழுதுகின்றனர். அவருட் சிலர் பிறரிடம் ஊழியம் செய்யாது தாமே கம்பனி தொடங்கவும் துணிகின்றனர். அத்துணிவை மெச்சுகின்றோம். ஆயின், அதற்கு முதலாக வைக்கப்படுவது பெரும்பாலும் தாயின் நகையும் தந்தையின் சேமலாப நிதியுமாக இருத்தலால், இம்மலர் வாயிலாகச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முன்பணம் என்னும் சொல்லின் பொருளை மலைநாட்டாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகிப் பெருக, அக்கடனைக் குறித்த 'துண்டு'டன் தொழிலாளர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றப்பட்ட முறை 1921 ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முதலீட்டாளர் தரும் பணம் அத்தகைய கடனன்று. தொழில் நொடித்தால் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டார். எனினும் அதற்கும் விலையுண்டு. ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு இருபது பங்கை விற்பவரிடம் மூன்றாந் தடவையின் பின் எஞ்சுவது ஐம்பத்தொன்று. நான்காந் தடவையின் பின் நாற்பத்தொன்று. அன்று தொட்டுத் தம் கம்பனியிலே அவர் சிறுபான்மையினர். கம்பனி விலைபோகும் நாளில் முதலீட்டாளர் தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் பத்திரத்தில் எழுதப்பட்டிருத்தல் வழக்கம். அவ்வரியைப் படியாமற் கையொப்பமிடுவோர் பலர்.

தமிழ்நாட்டில் இருவழிக்கும் சான்றுண்டு. 1996 ஆம் ஆண்டில் அட்வென்ட்நெட் என்னும் பெயருடன் தொடங்கிய சோஹோ, வெளியார் முதலீட்டை நாடாது, வாடிக்கையாளர் தந்த பணத்தைக் கொண்டே வளர்ந்தது; 2011 ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலே அலுவலகமும் திறந்தது. அங்கே பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம் 2010 இல் சென்னையில் தொடங்கிய நிறுவனமோ முதலீட்டாளரின் பணத்தால் விரைந்து வளர்ந்து, பிரெஷ்வர்க்ஸ் என்னும் பெயருடன் 2021 இல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையை அடைந்தது. இரண்டும் வென்றன. ஆனால் வட்டவளையிலிருந்து தொடங்குபவர்க்கு முன்னதே பொருந்தும் என்பது எமது துணிபு. பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் பத்துப் பேரைக் காணுமுன் முதலீட்டாளரைத் தேடுதல், கொழுந்து துளிர்க்குமுன் தொழிற்சாலை கட்டுதலை ஒக்கும்.

ஆக்கும் பொருளைப் பற்றி ஒன்றே சொல்வோம். பச்சைக் கொழுந்தின் நிறுவையைப் பதிய ஒருவர் மென்பொருள் எழுதுகிறார் எனக் கொள்க. அது மழையிலே தொடர்பு அறுந்தபோதும் இயங்கவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் பேசவேண்டும். கணக்கப்பிள்ளை ஒரு நாளிற் கற்றுக்கொள்ளத் தக்கதாயிருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தபின் மற்ற அலங்காரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவர் கேட்டதெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் செடி மரமாகும். மரத்திற் கொழுந்து பறிக்க இயலாது. கவ்வாத்து வெட்ட அஞ்சலாகாது.

நம்மவர் பெரிதும் தவறுவது விலை குறிப்பதிலேதான். 1883 முதல் கொழும்பிலே தேயிலை ஏலத்தில் விற்கப்படுகின்றது. ஏலத்திலே விலையைச் சொல்பவர் வாங்குபவர், விளைவித்தவர் காத்திருப்பவர். அதே தேயிலை பொதியாகிப் பெயர் பெற்றவுடன் விலை பொதியின்மேலே அச்சாகின்றது. வட்டவளை என்னும் நம் ஊரின் பெயரே அவ்வாறு பொதிகளில் ஏறி விற்பனையானதை அறியாதார் யார்? "நீங்கள் பார்த்துத் தாருங்கள் ஐயா" என்று சொல்லும் இளைஞர் தம் உழைப்பைத் தாமே ஏலத்துக்கு அனுப்புகின்றார். விலையை எழுதி நீட்டுக. மென்பொருளை இலவசமாகக் கொடுத்தவர்களும் விலையின்றி வாழவில்லை. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005 இல் இலங்கையிலே தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் நிரலை எவரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவைத்தது. பராமரிப்புக்கும் துணைக்கும் ஆண்டுச் சந்தா வாங்கியது. 2024 இல் அது 60 கோடி டொலருக்கு மேற்பட்ட மதிப்புக்கு விலைபோயிற்று.

சந்தாவை ரூபாவில் வாங்குவோர் இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். நாற்பது கடைகள் மாதம் 2,000 ரூபா வீதம் தந்தால் வரவு 80,000. கணினிச் சேவைக்கு மாதவாடகை 100 டொலர் என்போம். 2022 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 20,000 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் 36,000. வரவு அசையவில்லை. ஆகவே ஆண்டுதோறும் விலையைத் திருத்தும் உரிமையை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவைத்தல் நன்று. பின்னர்க் கேட்டால் மனத்தாங்கலே மிஞ்சும்.

இனி, வசதியுள்ள பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "நம்ம பையன்தானே" என்று இலவசமாகக் கேட்பவரும், வேலை முடிந்தபின் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று இழுப்பவரும் நம்முள்ளே இருக்கின்றனர். மேடையிலே பொன்னாடை போர்த்துவதிலும் பார்க்க, அப்பையனின் பற்றுச்சீட்டை முப்பது நாளுக்குள் தீர்த்தல் அவனுக்குப் பேருதவி. கடன் கொடுக்க வேண்டா, நன்கொடையும் வேண்டா, வாங்குங்கள். நமது சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடும் சந்தாக் கணக்கும் இன்னும் கொப்பிகளிலே கிடக்கின்றன. அவ்வேலையை நம் மாணவர் தொடங்கிய கம்பனி ஒன்றுக்கு, அவர் குறித்த விலைக்கே, பாதிப் பணத்தை முன்கூட்டிக் கொடுத்து ஒப்படைக்குமாறு வரும் பொதுக்கூட்டத்தில் பிரேரிக்க எண்ணியுள்ளோம். வழிமொழிய ஒருவர் வேண்டும்.