மிஸ்ஸிங் அடிக்கும் கார்... எல்லாப் பழியும் பெட்ரோல் மேலயா?

பாலவாக்கத்தில் ஈசிஆர் சிக்னலில் நிற்கும் கார் ஒன்று ஐடிலில் உதறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பிக்கப் இல்லை, டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் லைட் வேறு. மெக்கானிக் பாஷையில் இதற்குப் பெயர் ‘மிஸ்ஸிங்’. காரணம் கேட்டால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ரெடியாக ஒரு பதில் இருக்கிறது: “எல்லாம் இந்த இ20 பெட்ரோலால வந்தது சார்.”

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. 2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் நாடு முழுக்க வழக்கமான எரிபொருள் என்றாகிவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பழைய கார் வைத்திருப்பவர் என்னதான் செய்வார்? ஆனாலும் பங்க்கைத் திட்டுவது ஒன்று, மிஸ்ஸிங் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் பர்ஸ்தான் காலியாகும்.

ஒரு சிலிண்டரில் பெட்ரோலும் காற்றும் சரியாக எரியாமல் போவதுதான் மிஸ்ஸிங். அது எரிய ஸ்பார்க் வேண்டும், சரியான அளவில் கலவை வேண்டும், கம்ப்ரஷன் வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் அந்தச் சிலிண்டர் தன் பங்கு வேலையைச் செய்யாது. உடனே கிராங்க் ஷாஃப்ட்டின் வேகம் ஒரு நொடி தடுமாறும். சென்சார் அதைப் பிடித்து கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும். (சின்ன கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர்தான். ஐடிலில் லேசாக நடுங்குவது அவற்றின் சுபாவம், பயப்பட வேண்டாம்.)

ஸ்கேனரில் வரும் எரர் நம்பரைப் பாருங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் இல்லாமல் அங்கங்கே வருகிறது. வாட்ஸ்அப் தீர்ப்பு இடிக்கும் இடம் இதுதான். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் எல்லா சிலிண்டருக்கும் பொது. பெட்ரோல் கெட்டிருந்தால் இரண்டாவது சிலிண்டர் மட்டும் ஏன் அடம்பிடிக்க வேண்டும்? ஒன்றில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் பெரும்பாலும் அதன் பிளக், காயில், இன்ஜெக்டர் அல்லது வால்வு பக்கம்தான் தேட வேண்டும்.

தேடுவதற்குக் காசே ஆகாத ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் உள்ள காரில், இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது. எரர் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா? அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட். காயிலை மாற்றிப் பார்ப்பது சில நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல் ‘செட்டாவே மாத்திடலாம் சார்’ என்று பில் போடுவதை ரிப்பேர் என்று சொல்ல முடியாது. அது யூகம், அதற்குக் காசு கொடுப்பவர் நீங்கள்.

கடலோரம் என்பதால் பாலவாக்கத்துக்கு என்று சில சந்தேகங்களும் உண்டு. உப்புக்காற்றில் கனெக்டர் பின்களில் பூஞ்சை போலப் பிடிக்கும் துரு, நாள்கணக்கில் எடுக்காத காரில் எலி கடித்த ஒயர், மழைக்காலத்தில் பிளக் குழியில் இறங்கிய தண்ணீர். டேங்க்குக்குள் தண்ணீர் போயிருந்தால் மட்டும் இ20-க்கும் இதில் பங்கு இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து இரண்டும் அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். அப்போது எல்லா சிலிண்டரும் சேர்ந்தே திணறும்.

இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால் ‘வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காகும்.

சர்வீஸில் விடும்போது எந்த டெஸ்ட் செய்து எந்தப் பார்ட்டை மாற்றினார்கள் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். எரர் நம்பரை அழிப்பதற்கு முன்னால் ஸ்கேனர் திரையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், பேட்டரி ஒயரைக் கழற்றினால்கூட அது அழிந்துபோகலாம்.