ரீடிங்ஸ் 'வாஸ்' டேக்கனா, 'வேர்' டேக்கனா?



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா" என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நிலவும் காதலும் ஏற்கெனவே பத்துப் பக்கம் வந்துவிட்டதாம். ஆகவே, காதலைவிட நம்மை அதிகம் தூங்கவிடாமல் செய்த ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் ரெக்கார்டு நோட்டு. இன்னும் சரியாகச் சொன்னால், ரெக்கார்டு நோட்டில் நாம் எழுதும் ஆங்கிலம்.

முதலாண்டில் வெர்னியர் காலிப்பரை வைத்துக் கம்பிகளின் விட்டத்தை அளக்கும் சோதனை. நானே அளந்தேன், நானே எழுதினேன். 'தி ரீடிங்ஸ் வாஸ் டேக்கன்' என்று எழுதியிருந்தேன். 'வாஸ்' மேல் பெரிய சிவப்பு வட்டம். கூடவே ஒரு கேள்வி: "தமிழ் மீடியமாப்பா?" லேபே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய? அன்று இரவே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் சீனியர் ரெக்கார்டுதான் என்று.

அதற்கப்புறம் சிவப்பு வட்டம் குறைந்தது உண்மை. ஆனால் வைவாவில் மாட்டிக்கொண்டேன். "எத்தனை ராடுப்பா அளந்தே?" என்றார் வந்திருந்தவர். "அஞ்சு சார்." "எட்டுன்னு எழுதியிருக்கியே?" எட்டு அளந்தது சீனியர்! அட்டவணையில் என் அளவுகள் ஐந்து. மேலே வாக்கியத்தில் அவர் கம்பிகள் எட்டு. நான் அளந்தது நிஜம். எழுதியது பொய்.

யோசித்துப் பாருங்கள். ஒரு 'வாஸ்'ஸுக்குப் பயந்து வாக்கியத்தைக் காப்பியடிக்கிறோம். அடுத்த வாரம் ரீடிங்கையும் காப்பியடிக்கிறோம். அப்புறம் லேத் பக்கம் போகாமலே லேத் ரெக்கார்டு முடிந்துவிடுகிறது. கடைசியில் போவது ஆங்கிலம் அல்ல, தொழில்!

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, "தமிழை மறந்துட்டு இங்கிலீஷ்லயே யோசி" என்பது. இதை நான் ஏற்கவில்லை. என் கட்சி நேர் எதிர்க்கட்சி. ரெக்கார்டில் வரும் செயப்பாட்டு வினையைத் திருத்திக்கொள்ளத் தமிழைவிட நல்ல கருவி நம் கையில் இல்லை. வெர்னியர் மாதிரி அதைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

முதலில் இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது? நம் பேச்சிலிருந்துதான். "நட்டு கழண்டு போச்சு" என்கிறோம். பத்து நட்டு கழன்றாலும் "நட்டெல்லாம் கழண்டு போச்சு"தான். பேச்சுத் தமிழில் "பசங்க வந்தாங்க" என்று ஆட்களுக்கு மட்டும் பன்மை வினை. ஆடு, மாடு, நட்டு, போல்ட்டுக்கெல்லாம் ஒருமையே போதும். அந்தக் காதோடு ஆங்கிலம் எழுதினால் 'ரீடிங்ஸ் வாஸ்' என்றுதான் வரும். இது மூளைக் குறைவு இல்லை நண்பர்களே, பழக்கம்!

ஆனால் எழுத்துத் தமிழ் அப்படியில்லை. பள்ளியில் தமிழ் ஐயா 'ஆடு மேய்ந்தது, ஆடுகள் மேய்ந்தன' என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தாரே, அது நினைவிருக்கிறதா? அதுதான் சாவி. வாக்கியத்தை முதலில் எழுத்துத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அளவு எடுக்கப்பட்டது' என்றால் வாஸ். 'அளவுகள் எடுக்கப்பட்டன' என்றால் வேர். 'படுகிறது' என்றால் இஸ். 'படுகின்றன' என்றால் ஆர். இதில் ஒன்றே ஒன்று கவனம்: 'ஐந்து கம்பி' என்று நிறுத்தாமல் 'ஐந்து கம்பிகள்' என்று 'கள்' போட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பள்ளம் இதைவிட ஆழம். 'தி பாக்ஸ் ஆஃப் போல்ட்ஸ்' என்று தொடங்கியதும், பக்கத்தில் 'போல்ட்ஸ்' நிற்பதைப் பார்த்து 'வேர் ஓப்பன்டு' என்று எழுதிவிடுகிறோம். தப்பு. இங்கேயும் தமிழைக் கேளுங்கள். 'போல்ட்டுகள் அடங்கிய பெட்டி திறக்கப்பட்டது.' திறக்கப்பட்டது பெட்டி. ஆகவே வாஸ். 'தி டீத் ஆஃப் தி கியர்' என்றால்? 'கியரின் பற்கள் வெட்டப்பட்டன.' ஆகவே வேர். ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற முன்னிடைச் சொல் ஒரு பெயரைக் கூட்டிக்கொண்டு வந்து, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே நிறுத்திவிடுகிறது. தமிழில் அந்த ஆள் முன்னாலேயே போய்விடுவதால், உண்மையான எழுவாய் வினைக்குப் பக்கத்திலேயே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது, 'பை'. செயப்பாட்டு வினை என்றாலே 'பை' போடு என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். அதனால் 'டாங்க் வாஸ் ஃபில்டு பை வாட்டர்' என்று எழுதுகிறோம். தொட்டியைத் தண்ணீரா வந்து நிரப்பியது? தமிழில் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' உருபுக்குக் கருவிப் பொருளும் உண்டு, கருத்தாப் பொருளும் உண்டு. மாணவனால் துளையிடப்பட்டது என்றால் அவன் கருத்தா, ஆங்கிலத்தில் 'பை'. 10 மி.மீ. டிரில் பிட்டால் துளையிடப்பட்டது என்றால் அது கருவி, 'வித்'. தொட்டியை நிரப்பிய தண்ணீருக்கும் 'வித்'தான். வார்ப்பிரும்பால் செய்யப்பட்ட கியர் என்றால் அது மூலப்பொருள், 'மேட் ஆஃப்'. மூங்கில் உருமாறிக் காகிதமானால் 'மேட் ஃப்ரம்'. ஜாப் சக்கில் பிடிக்கப்பட்டது, டிரான்ஸ்ஃபார்மர் சுருள்கள் எண்ணெயில் மூழ்கவைக்கப்பட்டன என்று 'இல்' வந்தால், அந்த இடத்தில் 'இன்'. இலக்கணத்தில் நாம் தூங்கிக்கொண்டே படித்த வேற்றுமைகள் ஒர்க்‌ஷாப்பில் எப்படி எழுந்து நிற்கின்றன பாருங்கள்!

எல்லாமே இப்படி மடங்கிவிடாது என்பதும் தெரியும். 'நோன் டு', 'நோன் ஃபார்' போன்ற சிலவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பேட்டியில் சரளமாகப் பேச இது மட்டும் போதாது. ஆனால் ரெக்கார்டுக்கு வேண்டியது திரும்பத் திரும்ப வரும் சில வாக்கிய அமைப்புகள்தான். அதற்கு இது தாராளமாகப் போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். சீனியர் அண்ணன்களே, அக்காமார்களே! தம்பி கேட்டால் ரெக்கார்டைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வாக்கியம் எழுத வையுங்கள். ஆசிரியப் பெருமக்களே! சிவப்பு வட்டம் போடுங்கள், அது எங்களுக்கு வேண்டும். ஆனால் "எந்த மீடியம்" என்று லேப் நடுவில் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில்தான் ஒருவன் காப்பியடிக்கப் பழகுகிறான். பேரவைத் தோழர்களே! ஒவ்வொரு லேபிலும் பத்து மாதிரி வாக்கியங்கள், பக்கத்திலேயே தமிழில், ஒரு சார்ட் எழுதி ஒட்டுவோம். செலவு ஒரு டீ, வடைக்கு மேல் ஆகாது.

இப்போது நான் மூன்றாம் ஆண்டு. இன்னும் என் நோட்டில் சிவப்பு வட்டங்கள் வருகின்றன. வரட்டும். அவை என் சொந்தத் தப்புகள்; திருத்தினால் என்னோடு நிற்கும். சீனியரின் சரியான வாக்கியம் என் கையில் பொய்யாகத்தானே போனது?

ஐந்து அளந்தால் ஐந்து என்றே எழுதுவோம். வாஸா வேரா என்பதைத் தமிழிடம் கேட்டுக்கொள்வோம்!