இரண்டு அங்குலக் கட்டையும் ஒரு ஐந்தொகையும்

வணிகம் படிக்கிறவனுக்குக் கார் ஸ்பிரிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் கணக்கீட்டுக்குத்தான் வருவேன்.

எங்கள் மாமாவிடம் ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 16 இலட்சம் அளவில் செய்யப்பட்ட கார். யாழ்ப்பாண ஒழுங்கைகளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். போன மாதம் மச்சானுக்கு ஒரு யோசனை வந்தது. "பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிக்குது, வடிவில்லை. பதிக்கப் போறன்" என்றான். கதவு நிலை செய்து மிஞ்சின முதிரைத் துண்டில் இரண்டு கட்டை வெட்டினான். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்தது. கார் பார்க்க நல்ல வடிவுதான், பொய் சொல்லக்கூடாது.

விசயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மைனரின் பின் அச்சு, இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது. இரண்டையும் யூ-போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்கின்றன. ஸ்பிரிங்கின் நடு போல்ட்டின் தலை அச்சில் உள்ள துளைக்குள் போய் இருப்பதால்தான் அச்சு முன்னுக்கோ பின்னுக்கோ நகராமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் 2 அங்குலக் கட்டையை வைத்தால் கார் 2 அங்குலம் பதியும். வித்தை அவ்வளவுதான்.

இதற்கென்றே செய்கிற கட்டைகள் இரும்பிலோ அலுமினியத்திலோ இருக்கும். ஒரு பக்கம் போல்ட் தலைக்குத் துளை, மறுபக்கம் அச்சின் துளைக்குள் போகும் முளை. மச்சானின் கட்டையில் துளை மட்டும்தான் இருந்தது, முளை இல்லை. அச்சைப் பிடித்திருந்தது யூ-போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான். மரமோ நசியும், காயும், சுருங்கும். "முதிரை இரும்பு மாதிரியடா" என்றான். மூன்றாவது கிழமை நட்டுகளில் சாவியைப் போட்டுப் பார்த்தோம். எல்லாமே இளகியிருந்தன. இன்னும் இளகியிருந்தால் ஒரு பக்க அச்சு நழுவி, பின்சில்லுகள் காரை வேறு பக்கம் திருப்பியிருக்கும்.

அச்சு மேலே எழும்பி அடிதாங்கும் றப்பரில் முட்டுவதற்கு முன் இருந்த இடைவெளியிலும் 2 அங்குலம் போய்விட்டது. பின்சீட்டில் மூன்று பேர் இருந்தால் ஒவ்வொரு குழிக்கும் "டொக்" என்று இடிக்கும். முன்பக்கம் பதியாததால் முகப்பு விளக்கும் மேலே பார்க்கிறது. எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண்ணுக்குள்தான் அந்த வெளிச்சம்.

இதைச் சொன்னபோது மச்சான் கோபப்பட்டான். "எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டினவை. சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டவை. கையால செய்தா பிழையோ?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கைவேலையில் பெருமை உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலும் உதிரிப்பாகமும் இல்லாமல் இந்த ஊர் வாகனங்களை ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்மார். ஆனால் அவர்கள் அதைச் செய்தது வேறு வழி இல்லாததால். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, செய்தார்கள். இன்றைக்கு மைனருக்கு எந்த அவசரமும் இல்லை. நல்லாக ஓடிக்கொண்டிருந்த காரை வடிவுக்காக ஆபத்தாக்கிவிட்டு, அந்த மனிதர்களின் பெயரைச் சொல்லித் தப்பக்கூடாது.

இப்போது கணக்கீடு. மச்சானின் கணக்கில் செலவு: மரம் இலவசம், நீளமான யூ-போல்ட்டுக்கு மட்டும் கொஞ்சக் காசு. ஐந்தொகையின் குறிப்பில் அவன் எழுதாத ஒன்று இருக்கிறது. நிகழத்தக்க பொறுப்பு. இன்று காசு கேட்காது, ஒருநாள் மொத்தமாகக் கேட்கும். காப்புறுதிப் பாடத்தில் முதலில் படிப்பிப்பது, தெரிந்த முக்கிய விடயத்தை மறைக்கக்கூடாது என்பது. முதிரைக் கட்டையைப் பற்றி எந்தக் காப்புறுதிக் கொம்பனிக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

அதைவிட என்னை உறுத்தியது வேறு. அந்தக் காரில் மாதாமாதம் கிளினிக் போவது எங்கள் அம்மம்மா. இருப்பது பின்சீட்டில், சரியாக அந்தக் கட்டைக்கு மேலே. அவவிடம் ஒருவரும் கேட்கவில்லை. வடிவின் இலாபம் மச்சானுக்கு, ஆபத்தின் பங்கு அம்மம்மாவுக்கு. பங்காளிக்குத் தெரியாமல் பொறுப்பை அவர் தலையில் கட்டுவதற்கு எங்கள் பாடத்தில் நல்ல பெயர் இல்லை.

பதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்பிரிங் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பட்டைகளின் வளைவைக் குறைக்கலாம். அல்லது முளையுள்ள சரியான உலோகக் கட்டையைப் போட்டு, சில நாள் ஓடியபின் நட்டுகளைத் திரும்ப இறுக்கலாம். விளக்கையும் சரிசெய்யுங்கள். அதற்குக் காசு இல்லையென்றால், காசு சேரும்வரை கார் கொஞ்சம் தூக்கிக்கொண்டே நிற்கட்டும்.

மச்சான் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தானே கட்டைகளைக் கழற்றினான். அடுத்த கிழமை கிளினிக் நாள். அம்மம்மா ஏறி இருந்தவுடன் கேட்டா: "என்னடா தம்பி, இண்டைக்குக் கார் இடிக்கேல்ல?"