ஐசியூ கிருமிக்கு ஒரு முன்கதை இருக்கு

"ஆஸ்பத்திரிக்கு வர்றப்ப நல்லாத்தான் இருந்தார், ஐசியூவுலதான் கிருமி தொத்திக்கிச்சு."

அடிக்கடி கேக்குற வார்த்தை இது. பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல உண்மையான பாதி. மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஐசியூவில் இருக்கு, மறுக்க மாட்டேன். க்ளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் ரெண்டும் முக்கியமான ஆளுங்க. வென்டிலேட்டர் டியூப், கழுத்துல சென்ட்ரல் லைன், யூரின் டியூப் எல்லாம் உயிரைக் காப்பாத்தப் போடுறதுதான். ஆனா ஒவ்வொண்ணும் கிருமிக்கு ஒரு வாசல். அது உள்ளே இருக்கிற நாள் கூடக்கூட ஆபத்தும் கூடும். சரியா கழுவாத ஒரு கை போதும், பக்கத்து பெட்டுக்குப் போயிடும். டாக்டர் கையா இருந்தாலும் சரி. இதெல்லாம் எங்க பொறுப்பு.

இப்ப மீதிப் பாதி. கடைசி மூணு மாசத்துல அவர் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்?

நம்ம குடல்ல கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கு. ஆன்டிபயாடிக் உள்ளே போனா அடங்குறது சாகும், அடங்காதது மிஞ்சிப் பெருகும். நல்லா நடமாடுற வரை அது நம்மை ஒண்ணும் செய்யாது. சுகர் எகிறி, நிமோனியா வந்து, டியூப் போட்டுப் படுக்குற அன்னைக்கு அதே கிருமி ரத்தத்துக்குள்ள போகலாம். அதாவது, சில சமயம் கிருமி பேஷன்ட்டோடவே ஐசியூவுக்குள்ள வருது.

வில்லியனூர், பாகூர் பக்கம் காய்ச்சல்னா முதல்ல எங்க போறோம்? மெடிக்கலுக்கு. "ரெண்டு செட் குடுங்க." அட்டையிலிருந்து வெட்டி, பேப்பர் கவர்ல நாலு கலர் மாத்திரை. அதுல ஆன்டிபயாடிக் இருந்துதான்னு வாங்கினவருக்கே தெரியாது. பாகூர்க்காரங்களுக்கு கடலூரும் பக்கம், அங்க ஒரு கிளினிக், இங்க ஒரு கடை. கடைசியில ஜிப்மருக்கோ கதிர்காமம் மெடிக்கல் காலேஜுக்கோ போய்ச் சேரும்போது அங்க கேப்பாங்க, "என்ன மாத்திரை?" பதில்: "வெள்ளையா, பெருசா இருந்துச்சு சார்."

இது ஏன் முக்கியம்? கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். செப்சிஸ்ல அவ்வளவு நேரம் கிடையாது. முதல் மருந்தை ஊகிச்சுத்தான் ஆரம்பிக்கணும். போன மாசம் செஃபிக்ஸிம் சாப்பிட்டார்னு தெரிஞ்சா அதே குடும்பத்து மருந்தை நம்பி நேரத்தை வீணாக்க மாட்டோம். தெரியலைன்னா குருட்டடிதான்.

சட்டம் இல்லாம இல்லை. 2012-ல் மருத்துவர்கள் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டாங்க. 2014 மார்ச்சில் எச்1 அட்டவணை அமலுக்கு வந்தது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸாசின் எல்லாம் அதுல இருக்கு. சீட்டு இல்லாம விக்கக்கூடாது, யார் எழுதினது, யாருக்குன்னு ரெஜிஸ்டர்ல பதியணும், மூணு வருஷம் வைக்கணும். கேரளா 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்'னு கடைகள்ல திடீர் சோதனையே ஆரம்பிச்சுது. நம்ம மாஹேவைச் சுத்தி இருக்கிற அதே கேரளாதான். புதுச்சேரி சின்ன ஊர். கொம்யூன் கொம்யூனா கடைகளைப் பார்க்க எத்தனை நாள் ஆகும்? பேர் இல்லாத செட் மாத்திரையை முதல்ல நிறுத்தணும்கிறது என் கருத்து.

கடைக்காரரை மட்டும் திட்டவும் மனசு வரலை. சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதுற எங்க ஆளுங்களும் இருக்காங்க. ஊசி போடலைன்னா அடுத்த டாக்டரைத் தேடுற நீங்களும் இருக்கீங்க. (கோவிச்சுக்காதீங்க.)

அதுக்காக டாக்டர் எழுதின ஆன்டிபயாடிக்கைப் பயந்து பாதியில நிறுத்தாதீங்க. தேவைப்படும்போது அதுதான் உயிர் காக்கும்.

வீட்டுல பெரியவங்க இருந்தா மாத்திரை அட்டையை போன்ல போட்டோ எடுத்து வைங்க. சமீபத்துல வேற ஆஸ்பத்திரியில படுத்திருந்தாலோ, டயாலிசிஸ் செஞ்சாலோ, வீட்டுலயே யூரின் டியூப் இருந்தாலோ, கேக்காட்டியும் சொல்லுங்க. ஐசியூவுல இருந்தா, "டியூப் இன்னும் தேவையா டாக்டர்?"னு தினமும் கேக்கலாம், தப்பில்லை. மெடிக்கல்ல செட் கொடுத்தா, மாத்திரை பேரை கவர் மேல எழுதிக் கேளுங்க. எழுத மாட்டேன்னா, அந்தக் கவரை வாங்காதீங்க.