பாராயணத்திற்கு ஏற்ற கருவி எது?

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழர் காலக் குடவோலை விதிகளை இன்றும் காணலாம். வீட்டிலுள்ள திருப்புகழின் பொடி எழுத்தோ, பார்வை மங்கிய அடியேனுக்குப் புலப்படவில்லை. நித்திய பாராயணம் தடைப்பட்டது.

கருவி வாங்குமுன் ஓர் உண்மையை அறிந்தேன். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலவச நூல்கள் பெரும்பாலும் தட்டச்சு செய்யப்பட்டவை. இத்தகையவற்றைக் கிண்டில் போன்ற மின்தாள் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம், வரிகள் தாமே மடங்கி அமையும், கண்ணும் கூசாது. தமிழ் மின்னூலகத்தின் பழம்பதிப்புகளோ பக்கங்களின் நிழற்படங்கள். சிறு திரையில் எழுத்து மேலும் குறுகும். அவற்றிற்குப் பத்து அங்குல டேப்லெட்டே ஏற்றது.

ஆகவே அன்பர்களே, நூலை முதலில் தீர்மானியுங்கள்; கருவியைப் பின்னர்த் தேர்ந்தெடுங்கள். அடியேன் மின்தாள் கருவியைக் கொண்டேன். முருகன் அருளால் விடியற்காலைப் பாராயணம் மீண்டும் தொடர்கிறது.