கிடங்கைக் காப்பாற்றிய டாக்டர்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓர் ஊரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு இரவுகள் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய கிடங்கில் வேலை. கையில் ஒரு ஸ்கேனரைக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர எத்தனை விநாடி என்று அது சொல்லும். விநாடி தாண்டினால் அது யாருக்கோ தகவல் அனுப்பும். அந்த யாரோ யார் என்பது நான் வேலையை விட்டு நிற்கும் வரை எனக்குத் தெரியாது.

அங்கே என்னோடு வேலை செய்தவர்களில் அறுபது வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தொழிற்சங்கக் குடும்பம். அவரால்தான் நான் 'டாக்டர் ஹூ' பார்க்க ஆரம்பித்தேன். சிறுவயதில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்த தொடர் என்று அந்த நாட்டில் ஒரு தலைமுறையே சொல்லும். இவரும் சொல்வார்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. 'டாக்டர் ஹூ' பி.பி.சி. தயாரிக்கும் அறிவியல் புனைகதைத் தொடர். முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது. 1989இல் நின்று 2005இல் மீண்டும் வந்தது. டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. நீல நிறப் போலீஸ் பெட்டி போலத் தெரியும் ஓர் எந்திரத்தில் காலத்திலும் வெளியிலும் சுற்றுகிறவர். சாகும் தறுவாயில் வேறு உடலுக்கு மாறிவிடுவார், அதனால் நடிகர்கள் மாறிக்கொண்டே இருக்கலாம். துப்பாக்கி ஏந்த மாட்டார். அநியாயம் நடக்கும் இடத்தில் போய் இறங்குவார், நசுக்கப்பட்டவர் பக்கம் நிற்பார். 2018இல் முதல்முறையாக ஒரு பெண், ஜோடி விட்டேக்கர், டாக்டராக வந்தார்.

அந்த ஆண்டு எங்களுக்கு எதிர்பார்ப்பு கூடியதற்குக் காரணம் உண்டு. அக்டோபரில் ரோசா பார்க்ஸ் பற்றிய அத்தியாயம் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் மலோரி பிளாக்மன், அந்தத் தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிய முதல் கறுப்பின எழுத்தாளர். நவம்பர் 11 அன்று 1947 பிரிவினையில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் உடைவதைப் பற்றிய அத்தியாயம், வினய் படேல் எழுதியது. அதைப் பார்த்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு, நவம்பர் 18 அன்று, 'கெர்ப்ளாம்!'

கெர்ப்ளாம் என்பது விண்மீன் மண்டலத்திலேயே பெரிய இணைய விற்பனை நிறுவனம். ஒரு நிலவு முழுக்க அதன் கிடங்கு. டாக்டருக்கு ஒரு பொட்டலம் வருகிறது, அதற்குள் இருக்கும் சீட்டில் காப்பாற்றுங்கள் என்று இருக்கிறது. டாக்டரும் கூட்டாளிகளும் வேலைக்கு வந்தவர்கள் போலக் கிடங்குக்குள் நுழைகிறார்கள். எந்திரங்களே எல்லாவற்றையும் செய்துவிட முடியும், ஆனாலும் பத்து விழுக்காடு மனிதர்களை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். தொழிலாளியின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி. இரண்டு பேர் நின்று பேசினால் ரோபோ வந்து எச்சரிக்கும். மகளைப் பார்க்க முடியாமல், அவளுக்காகவே அங்கே உழைக்கும் ஒரு தகப்பன். முதல் அரைமணி நேரம் நான் திரையைப் பார்க்கவில்லை, என் கையில் இருக்கும் ஸ்கேனரைத்தான் பார்த்தேன். இன்று யாரோ நமக்காகப் பேசப்போகிறார்கள் என்று இருந்தது.

பிறகுதான் திருப்பம். தொழிலாளர்கள் காணாமல் போவதற்குக் காரணம் நிறுவனம் இல்லையாம். சார்லி என்ற இளைஞன், தரையைத் துடைத்துக் குப்பை அள்ளும் பிரிவில் வேலை செய்பவன், எந்திரங்கள் வேலையைப் பறித்துவிட்டன என்று கொதித்துப்போய் ஒரு சதி செய்கிறானாம். விரலால் அமுக்கி வெடித்து விளையாடுவோமே, அந்த பபுள் ராப்பில் வெடிமருந்தை வைத்து ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பத் திட்டம். அவன் தன் வெடியைச் சோதித்ததில்தான் சக தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். பழி ரோபோக்கள் மேல் விழும், மக்கள் எந்திரங்களை வெறுப்பார்கள் என்பது அவன் கணக்கு. உதவி கேட்டுச் சீட்டு அனுப்பியது எந்தத் தொழிலாளியும் அல்ல. கிடங்கை நடத்தும் கணினி, 'சிஸ்டம்', தன்னைக் காப்பாற்றச் சொல்லி அனுப்பியது.

சார்லி விரும்பும் பெண் கிரா. அவனுக்குப் பாடம் புகட்ட அந்த சிஸ்டம் கிராவைக் கடத்தி ஓர் அறையில் அடைத்து, பரிசுப்பெட்டி போல அந்த பபுள் ராப்பையே அவளுக்குக் கொடுக்கிறது. அவள் சிரித்துக்கொண்டே அமுக்குகிறாள், சாகிறாள். எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண்ணைத் திட்டமிட்டுக் கொன்ற அந்த சிஸ்டத்தைக் கடைசி வரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் சார்லியிடம் பேசுகிறார்: சிஸ்டத்தில் குற்றமில்லை, மனிதர்கள் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் குற்றம் என்ற பொருளில். பிறகு ரோபோக்களைக் கொண்டே வெடிகளை அங்கேயே வெடிக்க வைக்கிறார். சார்லி அதில் சாகிறான். நிறுவனத்தின் அதிகாரி, இனி மனிதர்களுக்குக் கூடுதல் வேலை தரப் பரிந்துரைப்பேன் என்கிறார். ஒரு மாதம் கிடங்கை மூடுகிறோம், தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்கிறார். மீதி இரண்டு வாரம் எதைச் சாப்பிடுவது என்று டாக்டர் கேட்கவில்லை. ரசிகர்கள்தான் கேட்டார்கள்.

(அதற்கு முந்தைய ஆண்டுதான் நம்மூர் உச்ச நடிகர் ஒருவர் சிஸ்டம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லியிருந்தார். எந்த சிஸ்டம் என்று அவரும் சொல்லவில்லை என்பது வேறு கதை.)

ரசிகர்களின் கோபத்தை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வகைக் கோபம் இருந்தது, இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

முதல் வகைக்காரர்கள் அத்தியாயம் வருவதற்கு முன்பே கோபமாக இருந்தவர்கள். 2017 ஜூலையில் ஒரு பெண்தான் அடுத்த டாக்டர் என்று அறிவித்த நாளிலிருந்தே தொடர் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைத்தவர்கள். ரோசா பார்க்ஸ் வந்தால் பாடம் நடத்துகிறார்கள் என்பார்கள், பஞ்சாப் வந்தால் அரசியல் செய்கிறார்கள் என்பார்கள். இந்தத் தொடரில் எப்போது அரசியல் இல்லாமல் இருந்தது? முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட், யூதப் பெண். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். டாலெக்குகள் என்ற எதிரிகளே நாஜிகளை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவர்கள். 1977இல் வந்த 'தி சன் மேக்கர்ஸ்' கதையில் புளூட்டோவில் வரியால் பிழியப்படும் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து, வரி வசூலிக்கும் அதிகாரியைக் கூரையிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். டாக்டர் அந்தக் கிளர்ச்சியின் பக்கம். அவ்வளவு தூரம் போவானேன், 2017 மே மாதம் வந்த 'ஆக்ஸிஜன்' அத்தியாயத்தில் விண்வெளி நிலையத் தொழிலாளர்களுக்கு மூச்சுக்காற்றையே விலைக்கு விற்கிறது ஒரு நிறுவனம். லாபம் குறைந்ததும் அவர்கள் அணிந்த உடைகளை வைத்தே அவர்களைக் கொல்கிறது. அங்கே டாக்டருக்கு சிஸ்டம்தான் பிரச்சினை என்பதில் சந்தேகமே இல்லை. ஒன்றரை ஆண்டில் எப்படி மாறினார்?

இரண்டாம் வகைக் கோபம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. இவர்கள் பெண் டாக்டரை வரவேற்றவர்கள், பஞ்சாப் அத்தியாயத்தைக் கொண்டாடியவர்கள். இவர்களுக்கு வலித்தது கதை சரியாகச் சொல்லப்படவில்லை என்பதால் அல்ல. உண்மையில் 'கெர்ப்ளாம்!' விறுவிறுப்பான அத்தியாயம்தான், பல விமர்சகர்கள் பாராட்டவும் செய்தார்கள். மோசமாக எடுத்திருந்தால் மறந்துவிட்டிருப்போம்.

அதற்கடுத்த ஷிப்டில் பெரியவரைப் பார்த்தேன். முகம் தொங்கிப்போயிருந்தது. "அந்தத் துடைப்பக்காரப் பையனைக் கொன்னுட்டாங்களே" என்றுதான் முதலில் சொன்னார். நான் கொஞ்சம் எதிர்வாதம் செய்தேன். ஆயிரக்கணக்கானோரைக் கொல்லப் போகிறவனை டாக்டர் தடுக்காமல் என்ன செய்வார்? அவர் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்குச் சரியாகவே படுகிறது. தடுக்க வேண்டியதுதான். ஆனால் வேலையில்லாமை பற்றி அந்தக் கதையில் கொதித்துப் பேசும் ஒரே ஆள் ஏன் கொலைகாரனாக இருக்க வேண்டும்? பத்து விழுக்காடு வேலைக்காக நாங்கள் நன்றி சொல்ல வேண்டுமா என்று அவன் கேட்கிறான். அந்தக் கேள்வியை ஒரு குண்டு வைப்பவன் வாயில் வைத்துவிட்டால், பிறகு அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அவனைத் தோற்கடித்தால் போதும், கேள்வியும் அவனோடு போய்விடும். சார்லி தானாக முளைத்தவன் அல்ல, ஓர் எழுத்தாளர் மேசையில் உட்கார்ந்து உருவாக்கியவன்.

எனக்கு அந்த வசனம் வேறு காரணத்தாலும் உறுத்தியது. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். வர்ணம் என்பது தொழிற்பகுப்புதான், ஏற்பாடு நல்லதுதான், இடையில் வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள். இதைக் கோயில் வாசலிலும் கேட்கலாம், பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் கேட்கலாம். 1936இல் லாகூரில் பேச அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்துவிட்டதால், அண்ணல் அம்பேத்கர் தன் உரையை 'சாதி ஒழிப்பு' என்று நூலாக அச்சிட்டார். சாதி வெறும் வேலைப்பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று அதில் காட்டினார். காந்தியார் அதே ஜூலையில் 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதினார். ஒரு மதத்தை அதன் மோசமான மாதிரிகளைக் கொண்டு எடைபோடக் கூடாது, சிறந்தவற்றைக் கொண்டு எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் விடவில்லை. நல்ல மனிதர்கள் இருக்கிறார்களா என்பதல்ல அவர் கேள்வி, அந்த ஏற்பாடு எந்த அடிப்படையில் நிற்கிறது என்பதே.

கெர்ப்ளாம் கிடங்கும் வர்ணமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கிடங்கை விட்டு நான் வெளியேறினேன், சாதியை விட்டு அப்படி வெளியேற முடியாது. ஆனால் இரண்டையும் காப்பாற்றும் வாதம் ஒன்றுதான். அதை நாம் நம் வீட்டுப் பெரிய மனிதர்கள் வாயிலிருந்து கேட்கும்போது வலிப்பதில்லை, பழகிவிட்டது. நசுக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர் என்று நாம் நம்பிய ஒருவர் சொல்லும்போது வலிக்கிறது. அந்த ஞாயிறு ரசிகர்கள் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

இது வெறும் தொலைக்காட்சித் தொடர், இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. அப்போது தொடரின் பொறுப்பில் இருந்த கிறிஸ் சிப்னல் அப்படிக் கேட்டிருக்க முடியாது. 1986இல், பதினாறு வயதில், அவரே ரசிகராக பி.பி.சி.யின் 'ஓபன் ஏர்' நிகழ்ச்சியில் உட்கார்ந்து, அந்த ஆண்டுக் கதை சரியில்லை என்று அதை எழுதியவர்களிடமே முறையிட்டவர். அந்தக் காட்சிப்பதிவு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது, ரசிகர்கள் அவரைக் கிண்டல் செய்ய அதைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதில் கிண்டல் தெரியவில்லை. ஒன்றின் மேல் உரிமை இருப்பதாக நினைப்பவன்தான் அப்படிப் போய் உட்காருவான்.

'கெர்ப்ளாம்!' வந்து ஐந்தாம் நாள், நவம்பர் 23, வெள்ளிக்கிழமை. தொடருக்கு ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள். அதே நாள்தான் பிளாக் ஃப்ரைடே, தள்ளுபடி விற்பனை உச்சத்துக்குப் போகும் நாள். அன்று ஜி.எம்.பி. தொழிற்சங்கம் பிரிட்டனில் அமேசான் கிடங்குகளின் வாசல்களில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. நாங்கள் ரோபோக்கள் அல்ல என்பது முழக்கம். கெர்ப்ளாமை எழுதியவர் யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்கள் குண்டு எதுவும் வைக்கவில்லை. பதாகை பிடித்துக்கொண்டு குளிரில் நின்றார்கள்.

எங்கள் கிடங்கு வேறு நிறுவனத்துடையது, அங்கே சங்கம் இல்லை. அன்று இரவு ஆண்டிலேயே அதிக வேலை. இடைவேளையில் பெரியவர் லாக்கரிலிருந்து போனை எடுத்து அந்த ஆர்ப்பாட்டப் படங்களைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த அத்தியாயத்தைப் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"பாக்காம எப்படித் திட்றது?" என்றார். மணி அடித்தது. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போனோம்.